துடைக்காமல் விட்ட தெற்குச் சுவர்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, முன்பின் தெரியாத ஐந்து குடும்பங்கள், ஒருத்தியைத் தவிர எல்லோரும் ஷூக்காலோடு, எங்கள் படுக்கையறைக்குள் வந்து போயின.

இந்த நாட்டில் அப்படித்தான். நாம் வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே, உள்ளே குடியிருக்கும்போதே, அடுத்து வாடகைக்கு வர நினைப்பவர்களை ஏஜென்ட் அழைத்துவந்து காட்டுவார். அந்த அரைமணி நேரம் நாம் எங்காவது வெளியே போய்விடலாம். இருக்கவும் செய்யலாம். நான் இருந்தேன். போவதற்கு இடமில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த அறையின் தெற்குச் சுவர்.

மெல்போர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில் இரண்டு அறைகள் கொண்ட வீடு அது. வார நாட்களில் நானும் ஐந்து வயது மகள் ரெபேக்காவும் மட்டும். என் கணவர் டேனியல் வடக்கே இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பழம் பதப்படுத்தும் ஆலையில் பராமரிப்புப் பொறியாளர். வெள்ளி மாலை வருவார், ஞாயிறு மாலை போய்விடுவார். முன்பு மெல்போர்னிலேயே வேலையில் இருந்தார். பிப்ரவரியில் வாடகை ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துக் கையெழுத்திட்டோம். மார்ச்சில் அவருடைய பழைய வேலை போயிற்று. புது வேலை கிடைத்த இடத்துக்கு நாங்களும் போக வேண்டுமென்றால் ஒப்பந்தத்தை உடைக்க வேண்டும்.

உடைக்க முடியுமா, எப்போது முடியும் என்று இங்கே வரப்போகிற இரண்டு தோழிகள் திருவள்ளூரிலிருந்து கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சட்டத்தை மட்டும் சொல்வதென்றால் அரைப் பக்கம் போதும். ஆனால் சட்டம் எனக்கு உதவாமல் போகப் பார்த்ததற்குக் காரணம் சட்டமல்ல. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவர்களும் நான் செய்ததையே செய்வார்கள்.

2

பூமியின் இந்தப் பக்கத்தில் தெற்குச் சுவருக்கு வெயிலே வராது. ஊரில் தெற்குப் பார்த்த சன்னலுக்காக ஆசைப்படுவோம். இங்கே அதுதான் வீட்டின் குளிர்ந்த பக்கம். வந்த முதல் குளிர்காலத்திலேயே படுக்கையறையின் தெற்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் வந்தன. துணியில் வினிகர் நனைத்துத் துடைத்தேன். போயிற்று. பத்து நாளில் திரும்ப வந்தது. திரும்பத் துடைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

எனக்கு ஒன்பது வயதாகும்வரை கவரைப்பேட்டையில், ரயில் நிலையத்துக்குப் பின்புறம் வரிசையாகக் கட்டிய ஆறு வீடுகளில் கடைசி வீட்டில் இருந்தோம். என் தாத்தா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனிக்குப் போன முதல் ஆள் அப்பா. மாதச் சம்பளமும் வாடகை வீடும் எங்களுக்குப் புதிது. அந்த வாடகை வீட்டில் மரியாதையாக இருப்பது என்பது அம்மாவுக்கு ஒரு வைராக்கியம். வீட்டுக்காரம்மா வாடகை வாங்க வரும் அன்று காலையிலேயே வாசல் முதல் கொல்லை வரை கழுவிவிடுவாள். அந்த வீட்டிலும் ஒரு சுவரில் ஈரம் ஊறி ஓதம் காத்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். அம்மா அதைச் சுரண்டிச் சமமாக்கி, அதன்மேல் சர்ச்சில் கொடுத்த பெரிய வசனக் காலண்டரை மாட்டிவைத்திருந்தாள்.

"ஊட்டுக்காரம்மா மூஞ்சி சுளிக்கிற மாரி ஒண்ணும் கண்ணுல படக்கூடாது" என்பாள். "குறை சொல்ற குடித்தனத்த எவ ஊட்ல வெச்சிக்குவா?"

வீட்டுக்காரம்மாவும் ஒவ்வொரு மாதமும் உள்ளே எட்டிப்பார்த்து, "நீ வெச்சிருக்கிறத பாத்தா என் ஊடே நல்லா கீறாப்புல கீது எஸ்தரு" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்று முழுக்க அம்மா உற்சாகமாக இருப்பாள்.

மெல்போர்ன் வீட்டின் தெற்குச் சுவரிலும், ஆணி அடிக்கக்கூடாது என்பதால் ஒட்டும் கொக்கி வாங்கி, ஊரிலிருந்து அம்மா அனுப்பிய வசனக் காலண்டரைத் தாழ்வாக மாட்டினேன். காலண்டரை யாராவது முழங்கால் உயரத்தில் மாட்டுவார்களா என்று டேனியல் கேட்டார். ரெபிக்கு எட்டவேண்டுமே என்று சொன்னேன். எனக்கே அது நல்ல பதிலாகத் தெரிந்தது.

3

இங்கே உரிமையாளர் சார்பில் ஏஜென்ட் சில மாதங்களுக்கு ஒருமுறை, ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிட்டு, வீட்டைப் பார்க்க வருவார். அந்த ஒரு வாரம் எனக்கு ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் மாதிரி. அடுப்பின் பின்பக்கம், சன்னல் சட்டத்தின் இடுக்கு, குளியலறை ஓட்டின் கோடு எல்லாம் தேய்ப்பேன். தெற்குச் சுவரைத் துடைத்து, உலர்த்தி, கடைசி இரண்டு தடவை ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயின்ட்டும் வாங்கிப் பூசினேன். பூசலாமா கூடாதா என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பி, கூடாது என்று தெரிந்தும் பூசினேன்.

ஏஜென்ட்டின் பெயர் கிளேர். என் வயதுதான் இருக்கும். ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்து, நான்கு படம் எடுத்து, "அழகாக வைத்திருக்கிறீர்கள், எல்லா வாடகைக்காரர்களும் உங்களைப் போல இருந்தால் எப்படி இருக்கும்" என்பார். அவர் போன பிறகு அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட வாசலில் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டுக்கொண்டே நடந்துபோய்விடும் தாய்மார்களைத் தவிர, அந்த வாரத்தில் வெளியாள் என்று என்னிடம் பேசியது அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒருமுறை கிளேர் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ரெபி காலண்டரைப் பிடித்துத் தூக்கி, "இதற்குப் பின்னால் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். நான் அவள் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக் கிளேர் சிரித்தார்.

அன்று மாலை ரெபி கேட்டாள். அவள் இப்போது நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள்.

"மம், அந்தச் சுவர் நம்மளோடதா, அவங்களோடதா?"

"அவங்களோடது."

"அப்போ ஏன் நீங்க அதை ஒளிச்சு வைக்கிறீங்க?"

பள்ளியில் இப்படிக் கேட்கத்தான் கற்றுத்தருகிறார்கள் போலிருக்கிறது. நான் சாப்பிடு என்றேன்.

இந்த வருடக் குளிரில் அவளுக்கு இருமல் நிற்கவில்லை. பிறகு இளைப்பு. மார்பில் காதை வைத்தால் தூரத்தில் விசில் ஊதுவதுபோல் கேட்கும். மருத்துவர் வீட்டில் எங்காவது ஈரமோ பூஞ்சையோ இருக்கிறதா என்று கேட்டார். நான் உடனே "இல்லை, வீடு ரொம்பச் சுத்தம்" என்றேன். கார் நிறுத்தும் இடம்வரை வந்த பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. ரெபியை அங்கேயே நிற்கவைத்துவிட்டு ஓட முடியாது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போய், வரிசையில் நின்று, இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4

வாடகைக்காரர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பு இருக்கிறது. தொலைபேசியில் வந்த பெண் நிதானமாகப் பேசினார். அவர் சொன்னதை, எங்கள் மாநிலத்துக்குப் பொருந்துகிறபடி, நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் வேறு மாதிரி இருக்கும். அவசியம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலம் குறித்துக் கையெழுத்திட்டால் அதுவரை நாம் கட்டுப்பட்டவர்கள். ஆனால் உரிமையாளரும் நாமும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் எந்த நாளிலும் முடித்துக்கொள்ளலாம். வீடு மனிதர் வசிக்கத் தகுதியற்றதாகிவிட்டால் உடனே வெளியேறலாம். உரிமையாளர் செய்யவேண்டிய பழுதுகளைத் தெரிவித்தும் செய்யாமல், கடமையைத் திரும்பத் திரும்ப மீறினால் அதற்கும் வழி உண்டு. கட்டடத்தின் கோளாறால் வரும் ஈரமும் பூஞ்சையும் அவசரப் பழுதுகளில் சேரும். வீட்டில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும், எதிர்பாராத கஷ்டம் வந்து தொடர முடியாதவர்களுக்கும், வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஒப்பந்தக் காலத்தைக் குறைத்துத் தரலாம். இவை எதுவும் இல்லையென்றாலும் போகலாம். அடுத்த ஆள் வரும்வரை வாடகை நம் தலையில் இருக்கும். உரிமையாளரும் சும்மா உட்கார்ந்திருக்கக்கூடாது, ஆள் தேட உண்மையாகவே முயல வேண்டும்.

"ஈரத்தைப் பற்றி எப்போது முதன்முதலில் எழுதித் தெரிவித்தீர்கள்?" என்று கேட்டார்.

"தெரிவிக்கவில்லை."

"வாயால்?"

"இல்லை."

"வீட்டைப் பார்க்க வந்த ஏஜென்ட் கவனிக்கவில்லையா? படங்கள் இருக்குமே."

"நான் துடைத்துவிடுவேன். பெயின்ட் அடித்தேன்."

அவர் கோபப்படவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வந்த நாளிலிருந்து சுவர் நன்றாக இருந்தது என்பதற்குச் சாட்சியை நானே என் கையால் தயாரித்துக் கொடுத்துவந்திருக்கிறேன்.

இன்றே எழுதித் தெரிவியுங்கள், தீர்ப்பாயத்துக்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் நாளாகும் என்றார். "இனிமேல் துடைக்காதீர்கள். குழந்தையை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்."

அன்றே எழுதினேன். ரெபியின் மெத்தையை ஹாலுக்கு இழுத்துப்போட்டேன். காலண்டரைக் கழற்றி மேசை மேல் வைத்தேன். அது இருந்த இடத்தில் மட்டும் நீள்சதுரமாக, மற்ற இடத்தைவிட அதிகமாகக் கறுத்திருந்தது. காற்றுப் படாமல் மூடி வைத்ததால் அங்கேதான் நன்றாக வளர்ந்திருக்கிறது.

உரிமையாளர் தரப்பிலிருந்து, குளிர்காலத்தில் சன்னலைத் திறந்துவைத்தால் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. முந்தைய படங்களில் சுவர் சுத்தமாக இருப்பதையும் சுட்டிக்காட்டியிருந்தார்கள்.

டேனியல், "சண்டை வேணாம்மா" என்றார். "அடுத்த வீட்டுக்கு இவங்கதான் நம்மளப் பத்தி நல்லவிதமா சொல்லணும். ஆள் புடிக்கட்டும். ஆள் வந்ததும் நாம போயிடலாம்." அவர் சொன்னதும் சரிதான். வீட்டை வாடகைக்கு விளம்பரப்படுத்தச் சம்மதித்தோம். முதல் சனிக்கிழமை குறிக்கப்பட்டது.

5

இங்கே மதியச் சாப்பாட்டு நேரம் அங்கே நாஷ்டா நேரம். இப்போது இருக்கும் திருவள்ளூர் மணவாள நகரில் அம்மா இட்லிக்கு ஊற்றிவிட்டு போனைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவாள்.

"லீஸ உடைக்கிறோம்மா" என்றேன்.

"லீஸா? எவ்ளோ குட்த்தீங்க? என் கையில ஒரு வார்த்த சொல்லலியே."

"மொத்தமா குடுத்து இருக்கிற லீஸ் இல்லம்மா. மாசா மாசம் வாடகைதான். ஒரு வருஷம் இருப்போம்னு கையெழுத்து."

"வாடகையும் குட்த்துக்கினு கையெழுத்தும் போட்டுக்கினு. இன்னா ஊருடி அது. ஒரு மாசம் முன்ன சொல்லிட்டு சட்டி பானைய ஏத்திக்கினு போறத வுட்டுட்டு."

பின்னாலிருந்து அப்பா, "அவளே பேஜாருல கீறா, நீ வேற" என்றார்.

சனிக்கிழமை ஆட்கள் பார்க்க வருவதையும், சுவரைத் துடைக்காமல் வைத்திருப்பதையும் சொன்னேன். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"தொடச்சி வெச்சிடுடி. நாலு பேர் வந்துபோற எடம். பாக்கறவங்க உன்னத்தான் அழுக்குன்னுவாங்க. அட்த்த ஆளு சீக்கிரம் வந்தாதானே உங்களுக்கு வாடகை நிக்கும்?"

"வர்றவங்க வீட்ல கொழந்த இருந்தா?"

அம்மா இட்லிப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள். இன்னும் வெந்திருக்காது என்று எனக்கே தெரியும். மூடினாள்.

"கவரப்பேட்ட ஊட்ட நாம ஏன் காலி பண்ணோம் தெரியுமா உனுக்கு?"

"அப்பாவுக்கு பஸ் வசதின்னு."

"பஸ்ஸு அங்கதான் வசதி. சாமுவேலுக்கு மூச்சு வுட முடியல. அந்த செவுராலதான்னு டாக்டரு சொன்னாரு. ஊட்டுக்காரம்மா கையில அத சொல்லல. ஊரு பக்கம் போறோம்னு சொல்லிட்டு, போற அன்னிக்கு நானே சுண்ணாம்பு கலக்கி ரெண்டு கை அட்ச்சேன். உன்ன மாரி ஒரு குடித்தனம் பாத்ததில்லன்னு அந்தம்மா என் கைய புட்சிக்கினு அழுதுச்சி." சொல்லும்போது அவள் குரலில் அந்தப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. பிறகு அது இறங்கியது. "டெம்போ கெளம்பற நேரம் புதுக் குடித்தனக்காரி வந்து நிக்கறா. இடுப்புல ஆறு மாசப் புள்ள."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. நாமதான் வந்துட்டோமே. எனுக்கு இன்னா தெரியும்."

சாமுவேல் என் தம்பி. இப்போது செவ்வாப்பேட்டையில் வீடு வாங்கியிருக்கிறான். இருபது வருடத்தில் இந்தக் கதையை அம்மா ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதன்பிறகு தக்காளி விலையைப் பற்றிப் பேசினாள். நானும் பேசினேன்.

6

சனிக்கிழமை காலை கிளேர் சீக்கிரமே வந்தார். படுக்கையறை வாசலில் நின்று சுவரைப் பார்த்தார். காலண்டரின் நீள்சதுரம் அப்படியே இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. இன்னும் கஷ்டமான ஒன்றைச் செய்தார். என் தோளில் கை வைத்தார்.

"ஆட்கள் வருவதற்குள் ஒரு துணி போட்டுத் துடைத்துவிட முடியுமா? நீங்கள் எப்போதும் எவ்வளவு அழகாக வைத்திருப்பீர்கள். சீக்கிரம் ஆள் கிடைத்தால் உங்களுக்கும் நல்லதுதானே."

அம்மா சொன்ன அதே காரணம். வினிகர் பாட்டில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்தது. நான் போய்க் குனிந்து அதை எடுத்தும்விட்டேன். டேனியல் ஹாலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் போட்டிருந்த மெத்தையில் ரெபி இருமினாள். பாட்டிலைத் திரும்ப வைத்தேன்.

"மன்னிக்க வேண்டும், இன்று முடியாது" என்றேன். இந்த நாட்டில் நான் ஒருவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன்.

வந்தார்கள். ஒரு மாணவர் கூட்டம். ஒரு வயதான தம்பதி. ஒருவர் சுவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா சொன்ன அந்தப் பார்வைதான். காது சூடாகிவிட்டது. இந்த வீட்டில் மற்ற ஒவ்வொரு அங்குலத்தையும் நான் தேய்த்திருக்கிறேன் என்று அவரிடம் போய்ச் சொல்லவேண்டும் போலிருந்தது.

கடைசியாக வந்தது ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண் மார்பில் துணிப்பையில் குழந்தையைக் கட்டியிருந்தாள். கணவனிடம் தெலுங்கில் பேசினாள். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் அவள் ஒருத்திதான். சுவருக்கு அருகே போய் முகர்ந்து பார்த்தாள். திரும்பி, ஹாலில் கிடந்த மெத்தையைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, தெலுங்கிலேயே என்னைக் கேட்டாள்.

"பாப்ப இக்கடே படுகுண்டுந்தா?"

கவரைப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் பேசிய மொழி. பாதி மறந்துபோயிருந்தது.

"லேது" என்றேன். "ஹால்லோ."

குழந்தை இங்கேயா தூங்குகிறாள் என்று கேட்டாள்; இல்லை, ஹாலில் என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. அவள் தலையை ஆட்டினாள். போகும்போது ரெபியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டாள். அவர்கள் இந்த வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. வரக்கூடாது என்றுதான் விரும்பினேன். ஆனாலும் அவர்கள் கார் தெருமுனை திரும்பும்வரை சன்னலில் நின்றேன். அந்த ஊரில் நான் தோழியாக்கிக்கொண்டிருக்கக்கூடிய ஒருத்தியை நானே திருப்பி அனுப்பியதுபோல் இருந்தது.

7

அந்த வாரம் யாரும் விண்ணப்பிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதேதான். நான் செய்தது சரியா என்று ஒவ்வொரு நாளும் சந்தேகப்பட்டேன். பிள்ளைக்காகப் போக வேண்டிய நானே, போகும் வழியை அடைத்துக்கொண்டேனோ என்று டேனியலிடம் கேட்டேன். அவர், "பாப்போம்" என்றார். அவர் பாப்போம் என்றால் தெரியாது என்று அர்த்தம்.

பிறகு கிளேரே அழைத்தார். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் ஈரச்சுவர் என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதியதற்கு அசையாத உரிமையாளர், வாடகைக்கு வரமறுத்தவர்கள் சொன்னதற்கு அசைந்தார். கூரை வேலைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். அந்தச் சுவருக்கு மேலே மழைநீர் போகும் தகரக் குழாய் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போயிருந்தது. நாங்கள் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. சுவரைப் பிரிக்க வேண்டும், பிரித்துப்போட்ட வீட்டில் யாரையும் வைத்திருக்க முடியாது. இரு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக எழுதி அனுப்பினார்கள். தீர்ப்பாயத்தில் எங்கள் முறை வரும் முன்பே முடிந்துவிட்டது.

தோழிகளே, சட்டம் அரைப் பக்கம்தான் என்று சொன்னேன். அதில் முதல் வரி, பழுது தெரிந்த அன்றே எழுதித் தெரிவிப்பது. நல்ல குடித்தனம் என்று பெயர் வாங்க அதைத் துடைக்காதீர்கள். அந்தப் பெயர் மருத்துவமனை வரிசையில்கூட உதவாது.

காலி செய்த அன்று வீடு முழுக்கத் தேய்த்துக் கழுவினேன். தெற்குச் சுவரைத் தவிர. வெளியே வந்து கதவைப் பூட்டிய பிறகும், திரும்பப் போய் ஒரே ஒரு தடவை துடைத்துவிட்டு வரலாமா என்று இருந்தது. டேனியல் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

புது ஊர் சின்னது. இங்கே இன்னும் யாரையும் தெரியாது. டேனியல் தினமும் வீட்டுக்கு வருகிறார். ரெபியின் மார்பில் காதை வைத்தால் சில நாட்கள் அந்த விசில் கேட்கிறது, சில நாட்கள் கேட்பதில்லை. நான் தினமும் வைத்துப் பார்க்கிறேன்.

நேற்று அம்மா அழைத்தாள்.

"அந்த செவுர இன்னா பண்ண?"

"அப்படியே வுட்டுட்டு வந்துட்டேம்மா."

அவள் புது வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். போனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சமையலறையில் சன்னலுக்குப் பக்கத்தில், கண் உயரத்தில், வசனக் காலண்டர் தொங்கியது.

"நில்லு நில்லு" என்றாள். "அத கொஞ்சம் தூக்கிக் காட்டு."

தூக்கிப் பிடித்தேன். வெறும் சுவர். அம்மா முகத்தைத் திரைக்கு மிக அருகே கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தாள்.

"கைய வெச்சி பாரு" என்றாள்.

வைத்தேன். மதிய வெயிலில் சுவர் காய்ந்து, இளஞ்சூடாக இருந்தது. சொன்னேன்.

"சரி" என்றாள். "மாட்டிக்கோ."